மாத்திரை வரிசையில் நிற்பவரின் வாய்

டென்டல் ஹைஜீனிஸ்டுக்கு 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டம் வகுத்த வேலைகள் சில: பற்காரையை எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரம் சொல்லித் தருவது. கடைசியாகச் சொன்னதுதான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இப்போது அவசரத் தேவை.

அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் 1913-இல் இத்தொழிலுக்கு முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், அங்கே படித்தவர்களை ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இந்த மாவட்டங்களில், வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ, சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்பவரின் ஈறை யார் பார்க்கிறார்கள்? சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு வீங்கிச் சீழ் பிடித்தால் சர்க்கரை எளிதில் அடங்காது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் சராசரி சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. மாத்திரை கொண்டுபோகும் அந்தக் குழுவோடு ஹைஜீனிஸ்டும் நடக்க வேண்டும்.

போனால் முதலில் காதில் விழுவது, “கிளீன் பண்ணினா பல்லு ஆடிரும்” என்பதுதான். இதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ஈறு நோயில் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல்லைக் காரைதான் இறுக்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அவர் பல்லையே காட்டி விளக்கினால் புரிந்துகொள்வார்.

வெற்றிலை பாக்கோடு புகையிலையும் அடக்கியபடி சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கும் பெண்ணிடம் இன்னும் பொறுமை வேண்டும். வாயை அகலத் திறந்து, தம் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்கச் சொல்லலாம். மூன்றும் நுழையவில்லை, காரம் பட்டாலே எரிகிறது என்றால் எச்சரிக்கை. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் அன்றே பல் மருத்துவருக்குச் சீட்டு எழுத வேண்டும். நோய் இன்னதென்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. தாமதமில்லாமல் அவரிடம் சேர்ப்பது ஹைஜீனிஸ்டின் பொறுப்பு. அரியலூரிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அனுப்புவதற்குத் தொலைவு ஒரு காரணமல்ல.

இதற்கெல்லாம் கிளினிக் நாற்காலி அருகில் மட்டும் பெற்ற பயிற்சி போதாது. ரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை நோய் அட்டையைப் படிக்க, புகையிலையை விட வைக்கும்படி பேசப் பழக வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இனிப் பாடத்திட்டம் எழுதுவோர், பயிற்சிக் காலத்தில் சில வாரங்களையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை நோய்ப் பிரிவில் கழிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.