வீட்டுச் சபை



கிறிஸ்தவ சபை என்றதும் கோபுரமும் மணியோசையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், 313-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் ஆட்சியில் வழிபாட்டுச் சுதந்தரம் கிட்டும் வரையில், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக் காலம் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கூடி ஜெபித்தது யாரேனும் ஒருவருடைய வீட்டில்தான். பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளும், கொலோசெயிலிருந்த பிலேமோனும், கூடாரம் செய்து ஜீவனம் நடத்திய ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதிகளும் தங்கள் வாசற்கதவைத் திறந்து வைத்ததாலேயே அவ்வூர்களில் சபை வேரூன்றியது.

அக்காலத்து வழிபாட்டு வீடு ஒன்றை நாம் கிட்டத்தட்ட முழுமையாக அறிந்துகொள்ளும் பாக்கியம் ஒரு யுத்தத்தால் வாய்த்தது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த தூரா யூரோப்பஸ் என்னும் கோட்டை நகரைப் பாரசீகர் தாக்குவர் என்று அஞ்சிய ரோமானியப் படையினர், மதிலுக்குப் பலம் சேர்க்கும்பொருட்டு அதை ஒட்டியிருந்த வீடுகளில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். 256-ஆம் ஆண்டு வாக்கில் நகரம் வீழ்ந்தது. மண்ணுள் மறைந்த வீடுகளோ 1932-இல் ஆராய்ச்சியாளர் தோண்டும் வரையில் கலையாமல் கிடந்தன. அவற்றுள் கிறிஸ்தவர் கூடிய வீடும் ஒன்று. நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, அவ்வூரார் குடியிருந்த வீடுகளைப் போன்றே அமைந்தது அது. இரண்டு அறைகளுக்கு இடையே நின்ற சுவரை எடுத்துவிட்டு, சுமார் 42 அடி நீளமும் 17 அடி அகலமும் உள்ள ஒரே கூடமாக்கி, கிழக்கு ஓரத்தில் சிறு மேடையும் போட்டிருக்கிறார்கள். அறுபது எழுபது பேருக்கு மேல் அங்கே கொள்ளாது. மற்றோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதன் பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பர். பக்கத்துச் சுவரில், குணமடைந்து தன் கட்டிலைத் தூக்கிச் செல்லும் திமிர்வாதக்காரன். சித்திரக்காரர் பெரிய கைதேர்ந்தவர் அல்லர். ஆனால் தொட்டியில் இறங்க வந்த புதிய விசுவாசி, தான் கேட்ட கதையைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாலும் கண்டிருப்பார்.

அந்த வீட்டில் என் மனத்தை மிகவும் கவர்வது சித்திரங்களைக் காட்டிலும் அந்த இடைச்சுவரை நீக்கிய செயலே. வீட்டுச் சபையின் சிறப்பும் அபாயமும் அதில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டுக்கு ஓர் எஜமானர் உண்டு. அவருக்கு உறவினரும் வேண்டியவரும் உண்டு. அந்தப் பேதங்களெல்லாம் ஜெபத்துக்கு வந்தவர்களோடு கூடவே உள்ளே நுழைந்துவிடக் கூடும். கொரிந்து சபையில் நேர்ந்தது இதுவே. கர்த்தருடைய இராப்போஜனத்துக்கென்று கூடிய இடத்தில் சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்து மயங்க, ஏழைகள் பசியோடு உட்கார்ந்திருந்ததை அப்போஸ்தலராகிய பவுல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆகவே, வீட்டைக் கொடுப்பவர் தம் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தாலன்றி, அங்கே கூடுவது அவருடைய விருந்தாளிகளின் கூட்டமாகவே நின்றுவிடும்.

அங்ஙனம் கொடுக்க முன்வந்தாலோ, சபையை வளர்க்க வீட்டுக்கு ஈடான சாதனம் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். புதிதாகக் குடியேறியவர் பெருகும் ஊரில், ஆலயத்தின் படியேறத் தயங்கும் ஒருவர் அண்டைவீட்டுத் திண்ணைக்குத் தயங்காமல் வருவார். பன்னிரண்டு பேர் கூடும் இடத்தில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்; மறுநாள் காலையில் யாராவது போய், காய்ச்சலா, வேலை போயிற்றா என்று விசாரிப்பார்கள். எத்தனை சிறந்த பிரசங்கியானாலும் ஐந்நூறு பேருக்கு இந்த விசாரணையைச் செய்ய அவரால் இயலாது.

இதை அனுபவத்தில் கண்டவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூட்ட மண்டபத்துக்காகப் பட்ட கடனைத் தீர்க்கும் வழியை யோசித்தபோது, ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். பலர் ஏழைகளாயிற்றே என்ற ஆட்சேபம் எழுந்தது. மிகவும் ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்கள் கொடுக்க இயலாததைத் தாமே செலுத்துவதாகவும் அவர் சொன்னார். இந்த ஏற்பாட்டின்படி காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், அங்கங்கே நடந்த சண்டையையும் குடியையும் துக்கத்தையும் கண்டு வந்து சொன்னார்கள். தாம் நெடுநாளாகத் தேடிய வழி இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்புகள் அவ்வாறு பிறந்தன.

ஆட்கள் பெருகும்போது, இருக்கும் கூடத்தை மேலும் மேலும் விஸ்தரிக்கும் ஆசை எழும். அதற்கு இடங்கொடாமல், வேறொரு வீட்டில் வேறொரு வகுப்பை ஏற்படுத்தும் துணிவே இம்முறையின் உயிர்நிலை. பிரிவது மனத்துக்குக் கஷ்டந்தான். ஓராண்டு ஒன்றாக அழுது ஜெபித்தவர்கள் எளிதில் பிரிய மாட்டார்கள். எனவே, கூடம் நிரம்புவதற்கு முன்னரே, அடுத்த வீட்டைத் திறக்கப்போகும் குடும்பத்தை அருகில் வைத்துப் பழக்கவேண்டும். வேதத்தை வாசிக்கவும், நோயாளியைப் போய்ப் பார்க்கவும், சச்சரவைத் தீர்க்கவும் அவர்களிடமே பொறுப்பை விடவேண்டும். வெஸ்லியின் வகுப்புத் தலைவர்களுள் கைத்தொழிலாளிகள் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். தொழிற்சாலைகளை நாடி ஜனங்கள் திரண்ட புதிய ஊர்களில், ஆலயக் கட்டடம் எழும்பும் வரை காத்திராமல், அவர்களுடைய வீடுகளிலேயே வேலை தொடங்கியது.