தெருவில் நடப்பவனுக்கு இடம் எங்கே?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி உயர்வையும் போனசையும் பற்றிப் பேசுகிற மேடையில் பிளாட்பாரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஷிப்டு முடிந்து ஆலை கேட்டைத் தாண்டியதும் நாம் காலை வைக்கிற இடம் எது? தெருதான். விடியற்காலையில் நடவுக்குப் போகிற பெண்கள் வரிசையாக நடப்பது எங்கே? தார் ரோட்டின் ஓரத்தில்தான். அங்கே உயிர் போய்விட்டால் உயர்ந்த கூலியை வாங்குவது யார்?

சர்க்கார் கணக்கையே பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர். அதாவது, சராசரியாக நாள் ஒன்றுக்கு 90 பேர். வீடு திரும்ப நடந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்கள்!

இதை விதி என்கிறார்கள். விதியல்ல, தோழர்களே, தெருவை அமைத்த விதம். ரோட்டை அகலமாக, நேராக, வழவழப்பாகப் போட்டுவிட்டால் வண்டி ஓட்டுகிறவன் வேகமாகத்தான் போவான். வேகம் இரண்டு மடங்கானால் இடிக்கிற வலு நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் இடித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வேகம் ஏற ஏற, பிழைப்பவர்கள் குறைகிறார்கள். ஆகவே, ஜனங்கள் நெருங்கி நடக்கிற இடத்தில் வேகத்தை அடக்குவதே முதல் வேலை. எச்சரிக்கைப் பலகை நட்டால் மட்டும் போதாது. ரோட்டின் அகலத்தைக் குறைத்து, முனைகளைச் சுருக்கி, கடக்கும் இடத்தைப் பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால் வேகம் தானே அடங்கும்.

"ரோட்டைக் குறுக்கினால் ஊர் ஸ்தம்பித்துவிடும்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் கார்களில் போகக்கூடியவர்கள் 600 முதல் 1,600 பேர். அதே அகலத்தை நடக்கிறவர்களுக்கு விட்டால் 8,000 பேருக்கு மேல் போகலாம். ஒருவர் உட்கார்ந்து போகும் கார் பத்துப் பேர் நடக்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

"வியாபாரம் படுத்துவிடும்" என்பது அடுத்த கூப்பாடு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனிலும் 1962இல் இதே கூப்பாடு கிளம்பியது. அங்கே ஸ்ட்ரோயெட் என்ற கடைவீதியில் கார்களை நிறுத்திவிட்டு, தெருவை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். நடந்தது என்ன? ஜனங்கள் திரண்டு வந்தார்கள்; வியாபாரம் வளர்ந்தது. 1964இல் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார்கள். அன்று சுமார் 16,000 சதுர மீட்டராக இருந்த கார் இல்லாத இடம், 1990களின் நடுவில் சுமார் 96,000 சதுர மீட்டராகப் பெருகியிருந்தது.

நம் சென்னையிலும் இது நடக்காமலில்லை. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவாக வேண்டும் என்று 2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. கிழவர்களும் குழந்தைகளும் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள். நல்ல காரியம். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால், இரண்டு கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்.

முதலாவது, பிளாட்பாரத்தில் கடை போட்டுப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? 2013இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை ஒரு மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பினார்கள். போகிற போக்கில் பூவும் சீப்பும் வாங்குகிறவர்கள் மாடி ஏறி வருவார்களா? நடப்பவனுக்கு இடம் வேண்டும் என்று சொல்லி விற்பவளை விரட்டுவது நியாயமல்ல. இருவரும் ஏழைகளே. பிளாட்பாரத்தை அதிகம் அடைப்பது பூக்கூடையா, நிறுத்தி வைத்த காரா? 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது; நகர வியாபாரக் கமிட்டியில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நடக்க ஒரு பட்டை, விற்க ஒரு பட்டை என்று கோடு போட்டுப் பிரித்தால் இருவருக்கும் இடம் உண்டு.

இரண்டாவது, பளிங்குபோல் பிளாட்பாரம் நகைக்கடை வீதிக்கு மட்டும்தானா? ஆலை கேட்டுக்கு முன்னால் எங்கே? குடிசைப் பகுதியிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் எங்கே? கிராமத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிற நெடுஞ்சாலையில், வீட்டுக்கும் வயலுக்கும் இடையே கடக்கும் வழி எங்கே?

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இவை. ஆள் நடக்கத் தடையின்றி 1.8 மீட்டராவது அகலமுள்ள, அறுபடாத பிளாட்பாரம். 15 சென்டிமீட்டருக்கு மேல் உயராத விளிம்பு. முழங்கால் வலிக்காரனும் ஏற வேண்டுமல்லவா? இவ்விரண்டும் சர்க்காரின் சாலை விதிகளே சொல்லும் அளவுகள். சுமையோடு வருகிறவளைப் பாலம் ஏறச் சொல்லாமல், வண்டியை நிறுத்தித் தரைமட்டத்தில் கடக்க வழி. இரவு ஷிப்டுக்கு விளக்கு.

கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வார்டு கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்கிய மனுவோடு போங்கள். உங்கள் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்வரை ஒரு நாள் எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள்: எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது? அந்த எண்ணிக்கையே உங்கள் மனுவின் முதல் வரியாக இருக்கட்டும்.