செம்பனைப் பூவும் சிறு வண்டும்

 

'வடிவமைப்புச் சிந்தனை' என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு சிக்கல் வந்தால், உடனே கைக்குக் கிடைத்ததைச் செய்துவிடாமல், அது எதனால் வருகிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்பது. பிறகு சிறிதாகச் செய்து பார்த்துத் திருத்துவது. அவ்வளவுதான். இதற்கு உதாரணம் நாம் தினமும் பார்க்கும் செம்பனையிலேயே இருக்கிறது.

1917ஆம் ஆண்டில் நம் குவாலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனை வியாபாரப் பயிராக நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆப்பிரிக்க மரம் இங்கே வந்தது. அங்கே அதன் பூவில் வாழ்ந்த பூச்சி கூட வரவில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை. செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள்.

ஆனால் பல தோட்டங்களில் குலையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. என்ன செய்தார்கள்? ஆட்களை விட்டார்கள். ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, காயவைத்து, டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். எல்லா மரமும் ஒரே நாளில் பூக்காது. ஆகவே போன நிரைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். பிள்ளைகளே, உங்கள் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பவுடர் ஊதிய கதை சிலருக்கு நினைவிருக்கும்.

இந்த வேலையை எப்படி ஒழுங்காக நடத்துவது என்பதே பலருடைய கவலை. யூனிலிவர் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பவருக்கு வேறு கேள்வி எழுந்தது. அவர் கேமரூனில் (நம் கேமரன் மலை அல்ல, ஆப்பிரிக்க நாடு) இருந்தவர். அங்கே யாரும் ஊதாமலே குலை நிறையக் காய்ப்பதையும், பூவில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கண்டவர். அங்கே தேவைப்படாத வேலை இங்கே மட்டும் ஏன்?

இதை ஆராயப் பூச்சியியல் அறிஞர் டாக்டர் ரஹ்மான் சையது 1970களின் பிற்பகுதியில் கேமரூன் சென்றார். அவர் கண்டது, நம் அரிசி வண்டுக்கு உறவான ஒரு மூக்குவண்டு. அது ஆண் பூவிலேயே தின்று, அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூ விரியும்போது அதே சோம்பு வாசனை வீசுகிறது. வாசனையை நம்பிப் போகிற வண்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அதில் இறங்கி ஏமாறுகிறது. வண்டுக்கு ஏமாற்றம், மரத்துக்குக் காய்!

கண்டதும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடவில்லை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேறு பயிரைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்று சோதித்த பிறகே, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். வண்டு தானே பரவியது. காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் ஊதும் வேலை நின்றது. ஊதியவர்களுக்கு அந்தக் கூலியும் நின்றது. அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அது பாதிச் சிந்தனைதான் என்பது என் கருத்து.

இனி வீட்டுக்கு வருவோம். "டீச்சர், பையன் படிக்கவே மாட்டேங்கிறான், நாலு போடு போடுங்க" என்கிறீர்கள். அடிக்குமுன் மூன்று இரவு சும்மா உட்கார்ந்து பாருங்கள். விளக்கு அவன் முதுகுப் பக்கம் இருக்கலாம். நோட்டின் மேல் அவன் நிழலே விழும். எதிரே டிவி ஓடும். தம்பி பென்சிலைப் பிடுங்குவான். அதட்டாமல் அவனையும் கேளுங்கள். பிறகு பலகையை விளக்குக்குக் கீழே நகர்த்தி, டிவியை அரைமணி நேரம் அணைத்து (நாடகம் மறுநாளும் வரும்), ஒரு வாரம் பாருங்கள். சரிப்படவில்லையா, வேறு பக்கம் நகர்த்துங்கள். பலகைதானே!