வரிக்கு எந்த ஊர்க்காரர்?

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை அகத்தில் சில மாதம், சொந்த அகத்தில் சில மாதம் என்று இருப்பவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்காகவே இந்தத் தலைப்பு.

புனேயில் ஃப்ளாட், பென்ஷன், வங்கி வட்டி உள்ள ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். பிள்ளை நியூ ஜெர்சியில். பெரியவர் இந்தியப் பிரஜை. கையில் க்ரீன் கார்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாள் இங்கே இருந்தால் இந்தியச் சட்டப்படி அவர் 'ரெசிடெண்ட்'. க்ரீன் கார்டு உள்ளவரை அமெரிக்கச் சட்டப்படியும் அப்படியே. உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இரு அரசாங்கங்களும் கணக்குக் கேட்கும்.

இந்தச் சிக்கலுக்கு, 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவு வழி சொல்கிறது. அது வரிசையாகக் கேள்வி கேட்கிறது. நிரந்தர வீடு எந்த நாட்டில்? இரண்டிலும் இருந்தால், குடும்பம், சொத்து முதலிய நெருங்கிய பந்தங்கள் எங்கே? அதுவும் தெளிவாகாவிட்டால், வழக்கமாக வசிப்பது எங்கே? பிறகு, எந்த நாட்டுப் பிரஜை? கடைசியில், இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவு செய்வார்கள். ஒரு கேள்வியில் விடை கிடைத்துவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை.

முதல் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு நம் பெயரில் இருப்பது முக்கியமில்லை. நினைத்தபோது போய்த் தங்க முடிய வேண்டும். புனே ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டால் பத்திரம் மட்டும் போதாது. பிள்ளை அகத்தில் நமக்கென்றே ஒதுக்கிய அறையோ கணக்கில் வரக்கூடும். விடை அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடும்.

விடை இந்தியா என்றே வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் அந்தச் சலுகையைப் பெற 1040-என்.ஆர். படிவத்துடன் 8833 படிவமும் தர வேண்டும். வரிக்கு 'நான் அங்கே வசிப்பவன் அல்ல' என்று எழுதிக் கொடுப்பதாகும் அது. க்ரீன் கார்டுக்கே கேள்வி வரலாம். 15 வருஷத்தில் 8 வருஷம் கார்டு வைத்திருந்தவர்களுக்கு, நாட்டை விட்டு வெளியேறுவோருக்கான வரி விதிகளும் குறுக்கிடலாம். அமெரிக்கப் பிரஜையாகிவிட்டவர்களிடம் அவர்கள் எங்கே இருந்தாலும் அந்நாடு வரி கேட்கும். இந்தப் பிரிவு அதிலிருந்து விடுவிக்காது.

ஆகவே பலருக்கு உசிதமான வழி, இரு நாட்டிலும் கணக்குத் தந்து, இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்வதுதான். எதுவானாலும் வீட்டை வாடகைக்கு விடுமுன், படிவத்தில் கையெழுத்திடுமுன், இரு நாட்டுச் சட்டமும் அறிந்த ஆடிட்டரைக் கேளுங்கள். பயணத் தேதிகளைக் குறித்து வையுங்கள். பின்னால் அவைதான் சாட்சி.