நீண்ட தேர்வும் நிதானமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பேசுமாறு நண்பர்கள் என்னைப் பணித்தார்கள். அதனைப் பேசுவோர் இம்மேடையில் பலர் உளர். ஆகவே நான் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக் கொள்கிறேன். தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதே அது. சிறியது என்றேனே தவிர, நம் பிள்ளைகளில் பலர் இடறி விழுந்தது அந்த இடத்தில்தான்.

அகரத்து மாலை வகுப்பில் பயின்ற பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வினை அவள் எழுதினாள். இங்கு வந்திருப்போர் அறிவர்: 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், காலை 9.30 முதல் 12.30 வரை. முதல் 100 வினாக்கள் தமிழ். பிறகு பொது அறிவு 75. திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் 25. தமிழை அவள் நன்றாகவே முடித்தாள். கணக்குப் பகுதியில் ஒரு வினா பிடிபடவில்லை. விடமாட்டேன் என்று அதனோடு பன்னிரண்டு நிமிடம் போராடினாள். பிறகு நேரம் போயிற்றே என்ற பதற்றத்தில் அந்த வினாவை விட்டு அடுத்ததற்குத் தாவினாள். ஆனால் விடைத்தாளில் அதற்குரிய வரிசையை வெறுமையாக விடாமல், அடுத்த வினாவின் விடையை அதிலேயே நிரப்பிவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு விடையும் ஒரு வரிசை தள்ளியே விழுந்தது. கண்டுபிடித்தபோது மணி 12.20. மையால் கருமையாக்கிய வட்டத்தை அழிக்க முடியாது.

வீட்டிற்கு வந்து அவள் சொன்ன சொல்தான் என்னை உறுத்தியது. "எனக்கு அவ்வளவுதான் ஐயா அறிவு" என்றாள். அறிவில் என்ன குறை? அவள் போட்ட விடைகளில் பெரும்பாலானவை சரியானவையே. இடம் மாறி அமர்ந்திருந்தன, அவ்வளவே.

"அவ்வளவுதான் அறிவு" என்ற இச்சொல் எங்கிருந்து வருகிறது? நானும் ஒருமுறை அதைச் சொன்னவன். 1988ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, வரலாற்றுத் தாள். கையொப்பம் வாங்க வந்த கண்காணிப்பாளர் எந்த ஊர் என்று கேட்டார். அகரம் என்றேன். "ஊரா, காலனியா?" என்றார். காலனி என்றேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆனால் நான் முதல்நாள் இரவு ஒப்புவித்த ஆண்டுகள் எல்லாம் என்னை விட்டுப் போயின. முன்மேசைக்காரனும் பின்மேசைக்காரனும் என்னையே பார்ப்பதாகத் தோன்றிற்று. அரைமணி நேரம் எழுதவில்லை.

அது என் கோழைத்தனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பிற்காலத்தில் ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் தெளிவு பிறந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு அது, 2004இல் வெளிவந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யாருக்கு என்ன சாதி என்று சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்க்குச் சமமாகவே தீர்த்தார்கள். ஒவ்வொருவன் பெயரையும் சாதியையும் கூட்டத்தில் வாசித்த பிறகு அதே வயதுச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. மூளை அதேதான், வாசித்த குரல்தான் புதிது. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களிடம் கிளாட் ஸ்டீல், ஜோசுவா ஆரன்சன் ஆகியோர் 1995இல் கண்டதும் இத்தகையதே. இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு என்று சொன்னால் மதிப்பெண் குறைந்தது. வெறும் பயிற்சி என்றால் அவ்வாறு குறையவில்லை.

தேர்வு எல்லோருக்கும் ஒன்றே என்பார்கள். அவ்வாறு அன்று என்று நம் முன்னோர் எப்போதோ ஐயுற்றனர். 1893ஆம் ஆண்டு, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அப்பதவிகள் மேல்சாதியார் கைக்கே போகும் என்று எதிர்த்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பத்துடன் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அன்று தேர்வைக் கண்டு அஞ்சிய காரணம் வேறு, இன்று வேறு. இன்று நமக்கு இடஒதுக்கீடு என்னும் உரிமை இருக்கிறது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நமக்காக வேறொருவர் உட்கார்ந்து கழிக்க முடியாது.

என் கதையை முடிக்கவில்லை. அரைமணிக்குப் பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தலையை நிமிர்த்தி ஓட்டுக் கூரையின் கைமரங்களை எண்ணினேன். மூச்சு சீரானது. முதல் வினாவை விட்டுவிட்டுக் கடைசி வினாவுக்குப் போனேன்; அது எனக்கு நன்கு தெரிந்தது. ஒரு பக்கம் எழுதியதும் மற்றவையும் திரும்பி வந்தன. தற்செயலாகச் செய்தது அது. அதற்குக் காரணம் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அச்சம் வரும்போது உடல் ஓடுவதற்கோ சண்டையிடுவதற்கோ ஆயத்தமாகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணிகிறது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; ஐந்து முறை போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சிறிதளவு படபடப்பு இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம். அளவான பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும்.

இனி நேரக் கணக்கு. 180 நிமிடத்துக்கு 200 வினா. வினாவுக்கு 54 விநாடி. தமிழுக்கு ஒரு மணி, பொது அறிவுக்கு ஒரு மணி, கணக்குக்கு 40 நிமிடம் என்று வைத்துக் கொண்டால் 20 நிமிடம் மிஞ்சும். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண், வாராவிடில் மற்றப் பகுதி திருத்தப்படாது என்பதால் அதனை முதலில் முடிப்பதே முறை. ஐம்பது வினாவுக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடுங்கள். திறந்ததும், வினாத்தாள் எண்ணும் விடைத்தாள் எண்ணும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பாருங்கள். இதை அந்தப் பெண் செய்திருந்தால் இன்று ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இருந்திருப்பாள். ஒரு நிமிடத்தில் பிடிபடாத கணக்கை, வினாத்தாளில் குறியிட்டு விட்டு நகருங்கள். அதை விட்டு வருவது தோல்வி ஆகாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லையாதலால், இரண்டு விடைகளை ஒதுக்க முடிந்தால் மீதியில் ஒன்றைத் துணிந்து நிரப்பலாம்.

முதல்நாள் இரவு கண்விழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்தது நினைவில் படிவது உறக்கத்தில்தான். காலையில் இட்லி போதும். திண்டுக்கல்லுக்குப் போகிறோமே என்று பிரியாணியை நினைக்க வேண்டாம், அதைத் தேர்வு முடிந்து சாப்பிடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு கூடத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே அகரத்திலிருந்து புறப்படும் பேருந்தை ஒன்று முன்னதாகவே பிடியுங்கள். தேர்வு மையம் எங்கே என்று முதல்நாளே பார்த்து வாருங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்று காலை, "இந்தத் தடவையாவது" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பேசாதீர்கள். தேர்வு எழுதப் போகிற பிள்ளையின் தோளில் குடும்பத்தின் கடனையெல்லாம் ஏற்றி அனுப்புவது எவ்வகையிலும் நியாயம் அன்று.

இவற்றைக் கேட்டுவிட்டுப் போனால் மட்டும் பயன் விளையாது; உடம்பு பழக வேண்டும். வரும் ஞாயிறு முதல் நமது கழக மண்டபத்தில் மாதிரித் தேர்வு நடத்துகிறோம். 9.30க்குத் தொடங்கி 12.30க்கு முடியும். இடையில் எழுந்திருக்க விடமாட்டேன். அசல் போன்றே வட்டமிட்ட விடைத்தாள்கள் நகலெடுத்து வைத்திருக்கிறோம். கருப்பு மைப் பந்துமுனைப் பேனா இரண்டு கொண்டு வாருங்கள். வருகைப் பட்டியலில் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கும். எந்தத் தெரு என்று எவரும் கேட்க மாட்டார்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணும் மீண்டும் எழுத வருவதாக ஒப்புக் கொண்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு மண்டபக் கதவைச் சாத்திவிடுவேன்.