நாள் முந்திப் பிறந்த மகவுக்குப் பால்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே எழுத்தனுக்குக் குழந்தை மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே வாழும் நம் வீடுகளில் பிள்ளை நாள் முந்திப் பிறந்தால், திருவனந்தபுரம் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கு விரைகிறோம். மருத்துவர் தம் கடமையைச் செய்வார். வீட்டார் கடமையைப் பற்றிப் பேசவே எழுந்தேன்.

28 வாரம் நிறையுமுன் பிறக்கும் மகவு பல வேளைகளில் ஒரு கிலோ எடையும் தேறாது. உறிஞ்சி, விழுங்கி, இடையே மூச்சும் விடும் ஆற்றல் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் கைகூடும். ஆகையால் மெல்லிய குழாய் வழியே இரைப்பைக்குப் பால் செலுத்துகின்றனர்; எஞ்சிய ஊட்டம் இரத்தக்குழாய் வழியே ஏறும். பக்குவப்படாத குடல் அழுகி உயிரைப் பறிக்குமோ என அஞ்சி, முன்பு மருத்துவர் பலர் பாலைத் தாமதித்தனர். அளவையும் மெல்லவே கூட்டினர்.

அந்த அச்சத்தையும் சோதித்துப் பார்த்தனர். 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த 2,804 குழந்தைகளைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரு பிரிவாக்கினர். எடையில் கிலோ ஒன்றுக்கு, நாள்தோறும் ஒரு பிரிவுக்கு 18 மில்லிலிட்டரும் மற்றதற்கு 30 மில்லிலிட்டரும் பால் கூட்டினர். முடிவு 2019இல் வெளியாயிற்று. குடல் நோயிலோ, இரண்டு வயதில் மிதமான அல்லது கடும் குறைபாடின்றி வாழ்வதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வேகத்தைவிட எந்தப் பால் என்பதே பெரிது. இங்கிலாந்தில் ஆலன் லூக்கசும் டிம் கோலும் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990இல் எழுதினர்: மாவுப்பால் மட்டும் உண்டோருக்குக் குடல் அழுகல், தாய்ப்பால் மட்டும் உண்டோரைவிட 6 முதல் 10 மடங்கு மிகுதி. தாய்க்குப் பால் போதாதபோது பிற தாயர் ஈந்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி வைத்துத் தூய்மையாக்கி ஊட்டுவர். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் இதற்கென வங்கி தொடங்கினார். எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2021இல் ஒன்று திறந்தது. ஆயினும் வெப்பத்தில் காப்புச் சத்துகள் சில அழியும். பெற்றவள் பாலுக்கே முதலிடம்.

இங்கேதான் நம் வீடுகள் தவறுகின்றன. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பழக்கங்களுக்கு மட்டும் எல்லைக்கல் நடவில்லை. அப்புறம் சேனை வைத்தல், இப்புறம் பொன்னும் வயம்பும் தேனில் உரைத்து நாவில் தடவுதல். தேனில் நச்சுக் கிருமியின் வித்து இருக்கலாம். நிறைமாதப் பிள்ளைக்கே ஓராண்டு வரை ஆகாது.

மற்றொன்று, பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருக்க, தாய் பிழிந்த நாலு துளியைப் பார்த்து, "இவளுக்குப் பாலே இல்லை" என்று மாமியார் கைவிரிப்பது. 800 கிராம் குழந்தைக்குத் தொடக்கத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு மில்லிலிட்டர் அளவே ஊட்டுவர். அந்த நாலு துளிச் சீம்பாலும் அதற்கு வீண்போகாது! பிறந்த சில மணிக்குள் கையால் பிழியத் தொடங்கி, இரவிலும் விடாது, நாளுக்கு எட்டு முறையாவது எடுத்தால்தான் பால் பெருகும். அவளுக்கு வேளைக்குச் சோறும் உறக்கமும் தருவதும், கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி வைப்பதும், செவிலியரிடம் பாலைக் காலத்தில் சேர்ப்பதும் ஆண்களும் செய்யக்கூடிய வேலையே.