தவணை தவறினால் தேடிப் போவோம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் அரவேணு சுகாதாரத் தன்னார்வலர் பேசியது)



2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கினது உங்களுக்குத் தெரியும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களை வீட்டிலேயே பரிசோதித்து, மாத்திரை கொடுக்கும் வேலைக்கு நம்மைப் போன்ற மகளிர் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

ஒரு தப்பைச் சொல்லணும். போன வருஷம் ஒரு அக்கா வீட்டுக்கு மூணு மாசம் போனேன். மூணு தடவையும் கதவு பூட்டியிருந்தது. இலை எடுக்கப் போயிருந்தார். 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வந்துட்டேன். ஒரு நாள் கூலி போகுமே என்று அவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. மாத்திரை தீர்ந்துபோச்சு. நாலாவது மாசம் பார்த்தால் காலில் புண்! ரப்பர் பூட்ஸ் கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை பல வருஷம் கூடவே இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். உடனே கோத்தகிரிக்குக் கூட்டிப் போனோம். கால் தப்பியது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே அக்கா குழுக் கடனில் ஒரு தவணை கட்டாமல் விட்டிருந்தால்? சாயங்காலமே நாலு பேர் வாசலில் நின்றிருப்போம். பணத்துக்குத் தேடிப் போகிற நாம், காலுக்குத் தேடிப் போகவில்லையே!

இப்போது எங்கள் குழுக் கூட்டத்துக்குப் பாஸ்புத்தகத்தோடு சர்க்கரை நோட்டும் வரணும். ஊக்குநர் இரண்டையும் பார்ப்பார். வராதவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். விரலில் குத்தும் முன்னால் கை கழுவுங்க. டீச் சர்க்கரை ஒட்டியிருந்தாலும் அளவு கூடக் காட்டும். குளிரில் விறைத்த விரலை நல்லாத் தேய்ங்க, அப்பத்தான் ரத்தம் வரும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாத்தாதீங்க. மூணு மாச சராசரியை எச்பிஏ1சி பரிசோதனை சொல்லிடும். பெரும்பாலானவர்களுக்கு அது 7-க்குக் கீழே இருக்கணும். தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க.

நம்ம கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் விடுபட்டால் விடமாட்டோம். சர்க்கரை நோட்டில் ஒரு பேரும் விடுபடக் கூடாது.